உடல் அழற்சிப் பரிசோதனைத் தொகுப்பு: எண் வருகிறது, காரணம் வருவதில்லை

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் பரிசோதனைக் கூடங்கள் சில, நாள்பட்ட உடல் அழற்சியை, அதாவது உடலின் தற்காப்பு எதிர்வினை ஓயாமல் நீடிப்பதைக் கண்டறிவதற்கென்று தனித் தொகுப்பு ஒன்றை இப்போது விற்கின்றன. சென்னையில் அப்படியொன்றை எடுத்துப் பார்த்தேன். ஹெச்எஸ்-சிஆர்பி (அழற்சியின்போது ரத்தத்தில் கூடும் சிஆர்பி என்ற புரதத்தை நுட்பமாக அளப்பது), ஈஎஸ்ஆர் (ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம்), ஃபெரிட்டின் (இரும்புச்சத்தைச் சேமிக்கும் புரதம்) ஆகிய மூன்றும், மருத்துவர் ஒருவருடன் தொலைபேசியில் பேசும் வாய்ப்பும் அதில் அடக்கம். அழற்சிக்கான காரணத்தையே இது காட்டிவிடும் என்று விளம்பரம் சொல்வதால், அந்த வாக்கை வைத்தே இதை மதிப்பிட வேண்டியிருக்கிறது.

ரத்தம் எடுத்த முறையில் குறையில்லை. குழாய்களில் என் கண்ணெதிரே பெயர் ஒட்டினார்கள், அறிக்கையும் மறுநாளே வந்தது. ஆனால் வந்தவர் கேட்ட ஒரே கேள்வி, வெறும் வயிற்றில் இருக்கிறீர்களா என்பதுதான். ஹெச்எஸ்-சிஆர்பிக்கு அது தேவையே இல்லை. அண்மையில் காய்ச்சல் வந்ததா, பல் பிடுங்கினீர்களா, தடுப்பூசி போட்டீர்களா என்பதையே கேட்டிருக்க வேண்டும். இன்டர்லூகின்-6 என்ற புரதம் தூண்டும்போது கல்லீரல் உண்டாக்கும் சிஆர்பி, கடும் தொற்றின்போது பல நூறு மடங்கு கூடும். அதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அது பாதியாகக் குறையும் நேரம், ஏறத்தாழ 19 மணி நேரமே என்பதால், தூண்டுதல் நின்றதும் வேகமாகக் குறையும். சாதாரணக் காய்ச்சலும் இந்த எண்ணைக் கெடுத்துவிடும் என்பதால்தான், லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்க்கச் சொல்கிறார்கள். அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஹெச்எஸ்-சிஆர்பி லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய நோய் ஆபத்து குறைவு, 3க்கு மேல் போனால் அதிகம் என்பது வழக்கமான அளவுகோல். என் அளவு 3ஐச் சற்றே தாண்டியிருந்ததால் சிவப்பில் அச்சிட்டு, பக்கத்திலேயே அவர்கள் விற்கும், மஞ்சளில் செய்த மாத்திரைக்கு இணைப்பும் கொடுத்திருந்தார்கள். வயிற்றைச் சுற்றிய கொழுப்பு, புகைப்பழக்கம், ஈறு நோய், தூக்கக் குறைவு, மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை என்று இந்த எண்ணை உயர்த்தக்கூடியவை பல இருக்க, எதைப் பற்றியும் கேட்காமல் மாத்திரையை முன்வைப்பது மருத்துவம் அல்ல, வியாபாரம். 2017இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், அழற்சியை அடக்கும் கனகினுமாப் என்ற ஊசிமருந்து கொழுப்பளவை மாற்றாமலே மாரடைப்பைக் குறைத்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் அதில் கூடின. அழற்சியை அடக்குவது எவ்வளவு நுட்பமான காரியம் என்பதற்கு அதுவே போதும்.

மற்ற இரண்டு பரிசோதனைகளும் விளக்கமில்லாமல் ஆபத்தானவை. ரத்தசோகையிலும் முதுமையிலும் ஈஎஸ்ஆர் தானாகவே கூடும். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டினும் உயர்வதால், இரும்புச்சத்து குறைந்தவருக்குக்கூட அது இயல்பாகத் தெரியலாம். என் அறிக்கையோ அந்த எண்ணை மட்டும் வைத்து ‘இரும்புச்சத்து போதுமானது’ என்று முடித்திருந்தது.

தொகுப்பில் உருப்படியானது அந்தத் தொலைபேசி அழைப்பு. பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா, இடுப்புச் சுற்றளவு என்ன, குறட்டை உண்டா என்று மருத்துவர் வரிசையாகக் கேட்டார். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொன்னதும் அவர்தான். அந்த மறுபரிசோதனைக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். ஆகவே, ஹெச்எஸ்-சிஆர்பியை மட்டும் தனியாக எடுத்து, மிச்சமாகும் பணத்தில் உங்கள் குடும்ப மருத்துவரைப் பார்க்கலாம். காரணமில்லாமல் எடை குறைபவர்களும், விடாத காய்ச்சல் உள்ளவர்களும் இந்தத் தொகுப்பின் பக்கமே போகாமல் நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன். இரண்டும் அந்த மருத்துவருக்கே.