பாயிங்க்கும் எல்.ஹெச்.சி அட் ஹோமும்: ஒன்றரை வருசம் ஓட்டிப் பாத்துட்டு சொல்லுதேன்

மொதல்லயே சொல்லிருதேன், வீட்டு கம்ப்யூட்டர விஞ்ஞானிங்க கணக்குக்கு ஓட விடுத இந்த பாயிங்க்ல பைசா வராது. வீட்ல சும்மா கெடக்க கம்ப்யூட்டர ஓட விட்டா மாசம் இவ்வளவு வரும்னு எவனாவது சொல்லியிருந்தான்னா அவன நம்பாதீங்க, ஈபி பில்லு தான் கூட வரும். அது தெரிஞ்சும் ஒன்றரை வருசமா நான் ஓட்டிக்கிட்டு இருக்கேன், ஏன்னு கேட்டா கொஞ்சம் வெளக்கமா தான் சொல்லணும்.

எங்க ஊரு திருநெல்வேலி பக்கம் முக்கூடல். பேரச் சொன்னாலே பீடியான்னு தான் கேப்பாவ, எங்கம்மாவும் சின்ன வயசுல இருந்து பீடி சுத்துதா. நான் பாளையங்கோட்டைல ஒரு ஆபீஸ்ல கணக்கு பாக்கேன், வீட்ல வச்சு டாலி போடதுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் வாங்குனேன், நாலு கோர் ஐ5, 8 ஜிபி ரேம். அது ராத்திரி எட்டு மணிக்கு மேல சும்மா தான் கெடக்கும். பாயிங்க்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அமெரிக்காவுல பெர்க்லி யூனிவர்சிட்டில 2002ல ஆரம்பிச்சது, இலவசம், சோர்ஸ் கோடே தொறந்து தான் கெடக்கு. அத போட்டு எந்த ப்ராஜக்ட்டுக்கு ஒழைக்கணும்னு தேர்ந்தெடுத்துட்டா, நம்ம மிஷின் சும்மா இருக்க நேரத்துல விஞ்ஞானிங்க கணக்க கொஞ்சம் கொஞ்சமா வாங்கிப் போட்டு திருப்பி அனுப்பும். நான் எடுத்தது, ஜெனிவா பக்கத்துல அணுத்துகள ஆராய்ச்சி பண்ணுத செர்ன்காரங்க நடத்துத எல்.ஹெச்.சி அட் ஹோம்.

போட்ட மொத நாள் ராத்திரியே அம்மா கேட்டா, "என்னத்தல அது, உறுமிக்கிட்டே கெடக்கு?"

நான் சொன்னேன், "யம்மா, பீடிக்கடைல எல, தூளு, நூலுன்னு நிறுத்து ஒன் கைல குடுக்காவல்லா, நீ வீட்ல வச்சு சுத்தி கட்டு கட்டி கொண்டு போயி குடுக்க, செக்கர் பாத்து கழிவு போக மிச்சத்த பாஸ்புக்குல எழுதுதாரு. இதுவும் அதே சோலி தான், கடை ஜெனிவால இருக்கு, எலைக்குப் பதிலா கணக்கு வருது."

"அப்ப கூலி?"

"கூலி கெடயாது, பாயிண்டு போடுவாவ."

தலய நிமித்தி ஒரு பார்வ பாத்தா. "கூறு கெட்டவன்னு தெரியும்ல, இவ்வளவுன்னு தெரியாது"ன்னுட்டு சொளவ மடிக்கு இழுத்துக்கிட்டா.

ஆனா பாத்துக்கோங்க, இந்த மாதிரி பல எடத்து கம்ப்யூட்டர சேத்து கணக்கு போடுத கிரிட் கம்ப்யூட்டிங்குன்னா என்னன்னு எத்தனையோ வெளக்கம் படிச்சிருக்கேன், பீடிக்கடை அளவுக்கு எதுவும் பொருந்தல. ஒவ்வொரு கணக்குக்கும் கெடு உண்டு, கெடுவுக்குள்ள திருப்பிக் குடுக்கலன்னா அதே கணக்கு வேற ஒருத்தருக்கு போயிரும். கழிவு பாக்குததும் உண்டு, அதான் எனக்கு ரொம்ப புடிச்சது. முன்னப் பின்ன தெரியாதவன் வீட்டு மிஷின்ல போட்ட விடைய எப்படி நம்புவான்? அதனால ஒரே கணக்க ரெண்டு பேருக்கு குடுத்துருதாவ, ரெண்டு விடையும் ஒத்துப் போனா தான் ரெண்டு பேருக்கும் பாயிண்டு, ஒத்துப் போகலன்னா மூணாவது ஆளுக்கு போகும். எல்லா ப்ராஜக்ட்டும் இதே மாதிரி செய்யுதில்ல, ஆனா எல்.ஹெச்.சி அட் ஹோம்ல நான் ஓட்டுத சிக்ஸ்ட்ராக்குங்க புரோகிராம்ல எனக்கு வந்ததெல்லாம் இப்படித்தான்.

சிக்ஸ்ட்ராக்குன்னா, செர்ன்ல பூமிக்கடில 27 கிலோமீட்டர் சுத்தளவுல எல்.ஹெச்.சின்னு ஒரு வளையம் இருக்குல்லா, சுவிட்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் எல்லைல, அதுக்குள்ள ப்ரோட்டான் ஓடும். ஒரு செகண்டுக்கு 11,245 சுத்து. அதுல உள்ள காந்தத்துல எங்கயாவது பொடி கோணல் இருந்தாலும் அது சுத்துக்குச் சுத்து சேந்து சேந்து துகள் தடம் மாறி செவத்துல போயி இடிக்கும். அது எந்த எடத்துல வச்சு வெலகும், எவ்வளவு தூரம் வரைக்கும் பத்திரம்னு முன்கூட்டி கணக்குப் போட்டு பாக்கதுக்குத் தான் இந்த சோலி. ஒரு தடவைக்கு 60 துகள எடுத்துக்கிட்டு ஒரு லட்சம் சுத்து, சில நேரம் பத்து லட்சம் சுத்து ஓட்டிப் பாக்கும். நெசமான வளையத்துல ஒரு லட்சம் சுத்துங்கது 9 செகண்டு கூட ஆகாது. அந்த 9 செகண்ட என் ஐ5 மணிக்கணக்கா முக்கி முக்கி போடும். இங்க திருநெல்வேலி பஸ்ஸுக்கு நிக்குத நேரத்துல அங்க எத்தன லட்சம் சுத்து முடிஞ்சிருக்கும்னு நெனச்சா சிரிப்பு தான் வரும்.

ஒண்ணு தெளிவா சொல்லணும், இத வச்சு தான் செர்ன் பொழைக்குதுன்னு நெனச்சிராதீங்க. நம்மளது வீட்டுச் சோலி. மெயின் சோலி நடக்குதது வேற எடத்துல, அதுக்கு பேரு தான் உலகளாவிய எல்.ஹெச்.சி கம்ப்யூட்டிங் கிரிட். 40க்கு மேல நாடு, 170 மாதிரி சென்டரு, கோர் கணக்கு எடுத்தா 10 லட்சத்துக்கு மேல போகும். செர்ன் தான் தல ஆபீஸ், அடுக்கு சுழியம்னு சொல்லுவாவ, மூல டேட்டாவ அங்க டேப்ல பதிஞ்சு வச்சுட்டு ஒரு காப்பிய அடுத்த அடுக்குல உள்ள பெரிய சென்டருங்களுக்கு பிரிச்சு அனுப்பிருவாவ (ஆமா டேப்பு தான், இந்த காலத்துலயும்), அதுக்கு கீழ அடுக்கு ரெண்டுன்னு யூனிவர்சிட்டி, ஆராய்ச்சி நிலையம்னு ஏகப்பட்டது. அந்த வளையத்துல நடக்குத சோதனைங்கள்ல, நம்ம நாட்டுல மும்பைல டாட்டா இன்ஸ்டிட்யூட்டு சி.எம்.எஸ் சோதனைக்கும், கொல்கத்தால வி.இ.சி.சிங்க ஆராய்ச்சி நிலையம் ஆலிஸ் சோதனைக்கும் அந்த ரெண்டாம் அடுக்குல இருக்கு. 2012 ஜூலை 4ம் தேதி ரொம்ப வருசமா தேடுன ஹிக்ஸ் துகள் மாதிரி ஒண்ணு கெடச்சிருக்குன்னு சொன்னாவல்லா, அதுக்கு பின்னால இந்த கிரிட் தான் ராப்பகலா ஓடுச்சு. அதுல என் நாலு கோரு தாமிரபரணில ஒரு செம்பு தண்ணி. ஊத்துனாலும் தெரியாது, ஊத்தலன்னாலும் தெரியாது, இருந்தாலும் ஊத்துதேன்.

கிரிட்டுங்க பேரே கரண்டுல இருந்து எடுத்தது தான். சுவிட்ச போட்டா லைட்டு எரியுது, அது பாபநாசம் தண்ணில வந்ததா, கூடங்குளத்துல வந்ததா, பணகுடி காத்தாடில வந்ததான்னு நாம கேக்கமா? அதே மாதிரி மும்பைல உக்காந்து ஒரு மாணவன் கணக்க அனுப்புனா அது இத்தாலில ஓடுச்சா தைவான்ல ஓடுச்சான்னு அவன் பாக்க வேண்டாம், விடை வந்துரும். பாயிங்க் இதுக்கு அப்படியே எதுத்த பக்கம், மொட்ட மாடில சோலார் போட்டு ஈபிக்கு குடுக்குத மாதிரி. என்ன, ஈபி கணக்குல கழிச்சாவது குடுப்பான்.

சரி, போட்டு ஓட்டுன கதைக்கு வருவோம். இன்ஸ்டால் பண்ணுதது அஞ்சு நிமிச சோலி, ஈமெயில் குடுத்து அக்கவுண்டு போட்டா போதும். ஆனா போட்ட ஒடனே செட்டிங்ஸ்குள்ள போயிருங்க. அப்படியே விட்டா எல்லா கோரயும் முழுசா எடுத்துக்கிடும். நான் அப்படித்தான் மொத வாரம் விட்டேன், அது சித்திரை மாசம் வேற, ரூம்ல ஃபேன் சுத்துனா அனல் தான் வருது, மிஷின் தொண்ணூறு டிகிரிய தொட்டுட்டு தானா ஆஃப் ஆயிருச்சு. தொறந்து பாத்தா உள்ள ஃபேன்ல தூசி பஞ்சு மாதிரி அடஞ்சு கெடக்கு, ப்ராசஸர் மேல போட்ட பேஸ்ட்டு காஞ்சு சுண்ணாம்பா உதிருது. "சர்வீஸ் பண்ணியது அண்ணாச்சி, புதுசு மாதிரி இருக்கும்"னு சொல்லி வித்த கடைக்காரன நெனச்சு நாலு வார்த்த சொல்லிக்கிட்டேன், பேரு வேண்டாம். சுத்தம் பண்ணி பேஸ்ட் மாத்தி, கோர் அம்பது சதவீதம்னு வச்ச பெறகு அறுபத்தஞ்ச தாண்டல. ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் தான் ஓடணும்னு நேரமும் வச்சிட்டேன், அதுக்கெல்லாம் உள்ளயே வசதி இருக்கு. நாம மவுஸ தொட்டா நிறுத்திக்கோன்னும் வைக்கலாம்.

அடுத்தது ஆசப்பட்டு, அதே எல்.ஹெச்.சி அட் ஹோம்ல உள்ள அட்லஸ்ங்க இன்னொரு சோதனையோட சோலிய எடுத்தேன். அதுக்கு வர்ச்சுவல்பாக்ஸ் வேணும், மிஷின் ஆன் ஆகுதப்ப வருத பயாஸ் செட்டிங்ஸ்குள்ள போயி வர்ச்சுவலைசேஷன ஆன் பண்ணணும், அது ஆஃப்ல கெடந்தத கண்டுபிடிக்கவே எனக்கு ரெண்டு ராத்திரி போச்சு. மிஷினுக்குள்ள இன்னொரு மிஷின் ஓடுதுல்லா, ஜிபி கணக்குல டவுன்லோடு, ரேம முழுங்கிரும். இதெல்லாம் கூட தாங்கலாம், நம்ம ஊரு கரண்டு தாங்காதே. பாதில கரண்டு போயிட்டு வந்தா என் மிஷின்ல அது எந்திரிக்கவே இல்ல, ஆறு மணி நேரச் சோலி அவுட்டு. கூடங்குளத்த மாவட்டத்துக்குள்ளயே வச்சுக்கிட்டு இந்த கொடும. யூபிஎஸ் இல்ல, 16 ஜிபி ரேம் இல்லன்னா அட்லஸ் பக்கம் போவாதீங்க. சிக்ஸ்ட்ராக்கு அப்படி இல்ல, சின்ன புரோகிராமு, எங்க விட்டதோ அங்கன இருந்து கொஞ்சம் முன்ன பின்ன புடிச்சுக்கிடும்.

ஒரு கொற என்னன்னா சிக்ஸ்ட்ராக் சோலி எப்பவும் கெடைக்காது. ஒரு வாரம் கொட்டும், பெறகு நாள் கணக்கா ஒண்ணும் இருக்காது. அவங்களுக்கு தேவ இருந்தா தான அனுப்புவாவ, கோவப்பட்டு என்ன செய்ய. அதுக்காக நான் ரெண்டாவதா ஐன்ஸ்டைன் அட் ஹோம் சேத்து வச்சிருக்கேன், இங்க இல்லன்னா தானா அங்க போயி வாங்கிக்கிடும். 2005ல இருந்து நடக்கு, ஈர்ப்பு அலை, அப்புறம் பல்சர்னு வேகமா சுத்திக்கிட்டே துடிப்பு அனுப்புத நட்சத்திரம், இதத் தேடுதது. 2010ல இதுல மொத பல்சர கண்டுபிடிச்சது அமெரிக்காவுல அயோவால ஒரு புருசன் பொண்டாட்டி வீட்டு கம்ப்யூட்டரும் ஜெர்மனில ஒருத்தரு கம்ப்யூட்டரும் தான், அதே ரெண்டு பேருக்கு ஒரே கணக்கு போன கத. அத படிச்சதுல இருந்து காலைல எந்திரிச்சதும் மொத சோலியா நான் போயி பாக்கேன், இன்னும் எதுவும் மாட்டல. மாட்டவும் மாட்டாதுன்னு புத்திக்கு தெரியும். சீட்டு விழுந்துருக்கான்னு பாக்குத மாதிரி ஒரு இது.

செல்போன்லயும் இருக்கு, ஆண்ட்ராய்டுக்கு. சார்ஜ்ல இருக்கணும், பேட்டரி தொண்ணூறு சதவீதத்துக்கு மேல இருக்கணும், வைஃபை இருக்கணும், அப்ப தான் ஓடும். ஒரு ராத்திரி போட்டு பாத்தேன், காலைல தோசக்கல்லு மாதிரி இருந்துச்சு, எடுத்துட்டேன். நம்ம வெக்கைக்கு அது ஆகாது.

கரண்டு செலவு தான எல்லாரும் கேப்பீங்க. பிளக்குல மாட்டுத மீட்டர் வாங்கி அளந்தேன், நாலு கோரும் முழுசா ஓடுனா 95 வாட்டு, பாதி கோர்ல 70 வாட்டு மாதிரி. எட்டு மணி நேரத்துக்கு அர யூனிட்டு கொஞ்சம் கூட, ரெண்டு மாசத்துக்கு 33, 34 யூனிட்டு வருது. சின்ன தொக தான். ஆனா ஒங்க வீட்ல ஏசி ஓடி 480, 490 யூனிட்டுல நிக்குதுன்னா கவனம், 500 தாண்டுனா கீழ உள்ள யூனிட்டுக்கும் ரேட்டு மாறிரும், அப்புறம் வீட்ல உள்ளவங்க வாயில விழணும்.

நான் இத மொத தடவ பாத்தது காலேஜ் படிக்கும்போது, டவுன்ல ஒரு ப்ரவுசிங் சென்டர்ல. செட்டி அட் ஹோம்னு கலர் கலரா கம்பி கம்பியா ஒரு ஸ்க்ரீன் சேவர் ஓடும், வேற்று கிரகத்துல இருந்து சிக்னல் வருதான்னு பாக்குதுன்னு சென்டர் அண்ணாச்சி சொன்னாரு, ஒரு மணி நேரத்துக்கு காசு குடுத்துட்டு அதயே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். 1999ல ஆரம்பிச்சது, 50 லட்சம் பேருக்கு மேல சேந்தாவ, 2020 மார்ச் 31ஓட புதுசா சோலி குடுக்குதத நிறுத்திட்டாவ. அந்த டேட்டா வந்த அரெசிபோங்க ரேடியோ டெலஸ்கோப்பும் அதே வருசம் டிசம்பர்ல இடிஞ்சு விழுந்துருச்சு. பாயிங்க்கே அந்த செட்டி ஆளுங்க கைல இருந்து வந்தது தான்.

மார்க்கு போடணும்னா பாயிங்க்குக்கு அஞ்சுக்கு நாலு போடுவேன். பாக்கதுக்கு இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி காலத்து சாமான் மாதிரி இருக்கு, அதுக்கு தான் ஒண்ணு கொறச்சேன். எல்.ஹெச்.சி அட் ஹோமுக்கு சிக்ஸ்ட்ராக்க மட்டும் வச்சு நாலு, அட்லஸ்ஸயும் சேத்தா என் மிஷினுக்கு ரெண்டர தான். லேப்டாப் ஒண்ணு மட்டும் வச்சிருக்கவங்க வேண்டாம், டெஸ்க்டாப் சும்மா கெடக்குன்னா தாராளமா போடுங்க.

செர்ன்ல வாசலுக்குள்ள ஒரு நடராசர் செல நிக்கி, 2004ல நம்ம கவர்மெண்டு குடுத்தது, ரெண்டு மீட்டர் ஒசரம். அந்த போட்டோவ அம்மாட்ட காட்டுனேன். நெல்லையப்பர் கோயில் தாமிர சபைக்கு மார்கழி திருவாதிரைக்கு தவறாம போறவ அவ, போட்டோவ பெருசாக்கி பெருசாக்கி பாத்தா. "இவரும் அங்க கூலி இல்லாம தான் ஆடுதாரா?"ன்னு கேட்டுட்டு போனக் குடுத்துட்டா.

அதுக்கப்புறம் அவளே அப்பப்ப கேக்க ஆரம்பிச்சுட்டா, இன்னைக்கு எத்தன கட்டு, கழிவு எவ்வளவுன்னு. எரர்ல ஒண்ணு ரெண்டு போனா "பாத்து சுத்துல"ங்கா. இப்ப அக்கினி நச்சத்திரம், மிஷின நிறுத்தி வச்சிருக்கேன், சாரல் விழுந்தா தான் திருப்பி போடணும். நேத்து ராத்திரி வீடு சத்தமில்லாம கெடந்துச்சு, நூல பல்லுல கடிச்சுக்கிட்டே கேக்கா, "ஏன்ல, ஒன் கடைல எல வரலியா?"