கறையான் தின்ற ஒற்றை இலக்கம்

கனடாவிலிருந்து வெளிக்கிடும்போது அம்மா தந்த அலுவல் ஒன்றே ஒன்றுதான். "வளவை அக்காவின்ரை பெடியனுக்கு எழுதிப்போட்டு வா." மூன்று கிழமை லீவு. கட்டுநாயக்கா, இரவு பஸ், கோயில் தேர், ஒடியல் கூழ் எல்லாம் வழமைபோல நடந்தன, அவற்றை விட்டுவிடுகிறேன். காணி உறுதிக் கதைக்கே இடம் போதாது.

உறுதி றங்குப்பெட்டியின் அடியில் கிடந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்த இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அம்மா அதைச் சீலைத்துண்டில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். அந்த மழையையும் நெரிசலையும் நாவற்குழிப் பாலத்தையும் தாண்டிய கடதாசி, சமாதானகாலத்தில் கறையானிடம் தோற்றுவிட்டது. விரித்தபோது மடியில் மண் கொட்டியது. மேல் மூலையில் இருந்த உறுதி இலக்கத்தில் 43 என்று தெரிந்தது, பிறகு ஒரு ஓட்டை, பிறகு 8. 1968ஆம் ஆண்டும் நொத்தாரிசின் பெயரும் தப்பியிருந்தன.

இப்போது எங்கள் ஊரில் உறுதி எழுதும் நொத்தாரிசு அம்மையார் அதைத் தொடக்கூட இல்லை. "காணிப் பதிவுக் கந்தோரில் அத்தாட்சிப்படுத்தின பிரதி எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார். சரி, அது பெரிய வேலையில்லை என்று நினைத்தேன். உறுதி முடித்தால் மூலம் எங்களுக்கு, ஒரு பிரதி அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிக் கந்தோருக்கு, இன்னொன்று நொத்தாரிசின் கோப்புக் கட்டுக்குள். மூன்று இடத்தில் வைக்கச் சொல்லிச் சட்டம் எழுதியவருக்குக் கறையானை நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும்.

எந்தக் கந்தோர் என்று சொல்லப்போவதில்லை. மருமகன் இனியும் அங்கே போய்வர வேண்டியவன்.

முதல்நாள் காலை எட்டரைக்கே போய்விட்டேன். விறாந்தையில் அதே வாங்கு, அதே நீலப் பெயின்ற். சின்ன வயதில் அம்மப்பாவோடு வந்து கால் ஆட்டிக்கொண்டு இருந்த வாங்காகவும் இருக்கலாம். படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். யன்னலுக்குப் பின்னால் இருந்த தம்பி உறுதி இலக்கத்துக்கான இடத்தைப் பேனையால் தட்டினார்.

"இதென்ன, நடுவில கோடு?"

கறையான் என்றேன். கிழிந்த உறுதியையும் காட்டினேன். "முழு இலக்கம் இல்லாமல் எடுக்க ஏலாது அண்ணை. ஏதாவது ஒண்டைப் போட்டுத் தாங்கோ, பாப்பம்."

ஏதாவது ஒன்று! லொத்தர் ரிக்கெற் வாங்குகிற மாதிரி. ஓட்டையின் ஓரத்தில் ஒட்டியிருந்த மைக்கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகலாம், ஏழும் ஆகலாம். அந்தக் காலத்து எழுத்தில் ஏழுக்கு வளைவு கூடுதலாக இருக்கும் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லி 4378 என்று எழுதினேன். நாளை வரச் சொன்னார்கள். நாளை போனால் நாளையின்றைக்கு. அன்று வந்தது யாரோ ஒருவருடைய வயல்காணி, வேறு ஊர். தேடக் கட்டின காசு கட்டினதுதான், புதுப் படிவம் வாங்கு என்றார்கள்.

ரொறன்ரோவில் வீடு வாங்கியபோது கையில் உறுதி என்று ஒன்றுமே தரவில்லை. லோயர் ஒரு பிடிஎஃப் அனுப்பினார், அவ்வளவுதான். ஒன்ராறியோவில் விலாசத்தைத் தட்டினாலே காணிப் பதிவைக் காசு கட்டி இணையத்தில் எடுக்கலாம். இதை விறாந்தையில் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லித் தொலைத்தேன். "அப்ப உங்களிட்டை வீட்டுக்கு உறுதி இல்லையோ?" என்று இரக்கமாகக் கேட்டார். அன்றிரவு எனக்கே கொஞ்சம் நித்திரை வரவில்லை.

நாலாம் தரம் போனபோது யன்னல் தம்பி லீவு. அவர் இடத்தில் ஓய்வுபெறப் போகிற வயதில் ஒரு அக்கா. உறுதியைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். "சீதன உறுதியெல்லோ? அம்மப்பா உங்கட அம்மாவுக்கு மட்டுமோ எழுதினவர்?"

இல்லை, பெரியம்மாவுக்கும் அதே நாள்தான் என்றேன்.

"அப்ப ரெண்டும் அடுத்தடுத்த இலக்கமாத்தான் இருக்கும். அவவின்ரையைப் பாத்துக்கொண்டு வாங்கோ. பின்பக்கத்துப் பதிவு முத்திரையில புத்தகம், பக்கம் இருக்கும், அதையும் எழுதிக்கொண்டு வாங்கோ."

இவ்வளவுதான் விஷயம். இலக்கம் தெரியாவிட்டாலும் காணியின் பதிவேட்டுப் பக்கத்தால் தேடலாம், பக்கத்துப் பங்கின் உறுதியால் தேடலாம். தேடுகிற வழிகள் அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே இருக்கின்றன. முதல்நாளே ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் நான் கசூரினாக் கடலில் குளித்திருப்பேன்.

ஆனால் பெரியம்மா வீட்டுக்குப் போவது காணிக் கந்தோரைவிடக் கஷ்டம். 2004இல் வேலிக் கதியால் ஒரு முழம் தள்ளி நட்டதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. படலையில் நின்று கூப்பிட்டேன். "ஆர், வேலியை அரக்கினவளின்ரை மோனோ?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அப்புறம் தேத்தண்ணியும் வந்தது. அவருடைய உறுதி பொலித்தீன் பையில், வேப்பிலை போட்டு, ஒரு அரிப்பும் இல்லாமல் இருந்தது. இலக்கம் 4317.

அடுத்தநாள் 4318 என்று எழுதிக் கொடுத்தேன். அந்த அக்கா உள்ளே போய்ப் பழைய கட்டோடு வரப் பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கயிற்றுத் தழும்பு விழுந்த கடதாசி, நொத்தாரிசின் சாய்ந்த கையெழுத்து. "3 பரப்பு 9 குழி", "வடக்கு ஒழுங்கை", "கிணற்றில் அரைப்பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும்". அடியில் அம்மப்பாவின் கையெழுத்து, கடைசி எழுத்தின் சுழியை வழமைபோல நீட்டி விட்டிருந்தார். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பின்னால் நின்றவர் "அண்ணை, கெதியா" என்றார்.

பிரதி கைக்கு வந்த அன்றே பெரியம்மாவுக்கும் ஒரு போட்டோக் கொப்பி அடித்துக் கொண்டுபோனேன், நன்றிக்கு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேரே எல்லைகள் எழுதிய வரிக்குப் போனார். விரலால் தடவி இரண்டு தரம் வாசித்தார்.

"நீ போக இன்னும் ரெண்டு நாள் கிடக்குத்தானே தம்பி. காணி அளக்க ஒரு சேவையரைக் கூப்பிடுவமோ?"

தேத்தண்ணி சுட்டாலும் பரவாயில்லை என்று ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழும்பிவிட்டேன்.