உப்புக் காற்றின் மேல் பழி போடும் முன்: 50 வோல்ட் சட்டை போட்ட 25 வோல்ட் கெப்பாசிட்டர்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் படகு எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கிறவன் நான். ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட், பேட்டரி சார்ஜர், அப்புறம் படகின் 24 வோல்ட்டை 12 ஆக்கிக் கொடுக்கும் கன்வெர்ட்டர், இவைதான் என் பிழைப்பு. இந்த வருஷம் ஆன்லைனில் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைத்து வோல்ட்டைச் சீராக்கும் குட்டி டப்பா) வாங்கி ஏமாந்தேன். ஏமாந்தது நான், அவதிப்பட்டது கடலில் இருந்தவர்கள், அதனால்தான் இதை வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரிக்கும் நேரம் அது. எனக்கு அதுதான் தீபாவளி. ஒரு வருஷ வேலை இரண்டு மாதத்தில் வந்து குவியும். கன்வெர்ட்டர் மட்டும் இந்தத் தடவை இருபதுக்கு மேல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் கரண்ட் உள்ளே வரும் பக்கம் இரண்டு கெப்பாசிட்டர் போட வேண்டும், 1000 எம்எஃப்டி 50 வோல்ட். எம்எஃப்டி என்பது மைக்ரோஃபாரட், கொள்ளளவு; வோல்ட் என்பது அது தாங்கும் அளவு. வழக்கமாக மதுரையில் வாங்குவேன், ஒன்று 18 ரூபாய் ஆகும். இந்தத் தடவை வேலை தலைக்கு மேல் இருந்ததால் போனில் தேடினேன். ஜப்பான் கம்பெனி பேர், கறுப்பு உறையில் தங்க எழுத்து, 105 டிகிரி வரை சூடு தாங்கும், லோ இஎஸ்ஆர் (உள்தடை குறைவு), நூறு எடுத்தால் ஒன்று 6 ரூபாய். பில் போட்டால் ஒரு விலை, போடாவிட்டால் ஒரு விலை என்றார் விற்றவர். பில் வேண்டாம் என்று நானே சொன்னேன். இதில் யாரைக் குறை சொல்ல?

சரக்கு வந்தது. மீட்டரில் வைத்துப் பார்த்தேன், 960, 975, 990 என்று காட்டியது. இந்த வகைக்கு இருபது சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், ஆக அருமையான சரக்கு என்று நினைத்துவிட்டேன். ஒன்று மட்டும் உறுத்தியது. வழக்கமாக வரும் 1000/50 சுமார் 13 மில்லிமீட்டர் தடிமன், 25 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். இது 10 தடிமன், 20 உயரம்தான். கேட்டதற்கு "புது டெக்னாலஜி சார், சைஸ் குறைச்சுட்டாங்க" என்று பதில் வந்தது. சரி, போர்டில் இடம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். அந்த மூன்று மில்லிமீட்டரில்தான் மொத்த திருட்டும் இருந்தது.

மே மாதம் முழுக்கப் போட்டுத் தள்ளினேன். ஒவ்வொரு கன்வெர்ட்டரையும் மேஜையில் 24 வோல்ட் சப்ளையில் இரண்டு மணி நேரம் ஓட விட்டுத்தான் கொடுத்தேன். ஒன்றுகூடச் சூடாகவில்லை. அதாவது சோதிக்காமல் கொடுக்கவில்லை, தப்பாகச் சோதித்துக் கொடுத்தேன்.

தடை முடிந்து மூன்றாவது வாரம், டோக்கன் (கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதிச் சீட்டு) வாங்கிப் போன ஒரு படகில் நடுராத்திரி ஜிபிஎஸ், வயர்லெஸ் இரண்டும் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டன. இரண்டுக்கும் கரண்ட் போனது என் கன்வெர்ட்டர் வழியாக. இந்தப் பக்கம் கடலுக்குப் போகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ராமேஸ்வரம், மண்டபம் படகுக்கு ஜிபிஎஸ் என்பது மீன் இருக்கும் இடம் தேட மட்டும் அல்ல, எல்லைக் கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்கவும்தான். டிரைவர் வலையை ஏற்றிவிட்டு, பக்கத்தில் தெரிந்த இன்னொரு படகின் விளக்கைப் பிடித்துக்கொண்டே திரும்பியிருக்கிறார். காலையில் கடைக்கு வந்தவர் சத்தம் போடவில்லை. "தம்பி, பேட்டரி வயர்ல ஏதும் லூஸா இருக்குமோ?" என்று என்னிடமே கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நானும் முதலில் நினைத்தது உப்பைத்தான். பாம்பன் பாலத்தைத் துருப்பிடிக்காமல் காப்பதே பெரும்பாடு என்கிற ஊரில் எது கெட்டாலும் உப்புக் காற்று என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், நாங்களும் சொல்லியிருக்கிறோம். ஆனால் பெட்டியைத் திறந்தால் போர்டில் பச்சை பூக்கவில்லை, நான் அடித்த வார்னிஷ் அப்படியே இருந்தது. இரண்டு கெப்பாசிட்டரும் தலை உப்பி, ஒன்று மேலே உள்ள வெட்டுக்கோடு வழியே பிளந்து கசிந்திருந்தது. உப்பு இல்லை, உப்பல். அடுத்த பத்து நாளில் இன்னும் நான்கு படகு வந்தது. அதே கதை.

மிச்சம் இருந்ததில் ஒன்றை எடுத்து கறுப்பு உறையை பிளேடால் கீறி உரித்தேன். அதற்குள் இன்னொரு உறை, வெளிறிய நீலம். அதில் 1000 எம்எஃப்டி, 25 வோல்ட், 85 டிகிரி. என்றோ ஏதோ போர்டில் இருந்து கழற்றியதாகவோ, விற்காமல் கிடந்ததாகவோ இருக்க வேண்டும். கால்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் புதிதாக ஈயம் பூசியது தெரிந்தது. புதுக் கெப்பாசிட்டரில் ஒரு கால் நீளமாக இருக்கும், அது பாசிட்டிவ். இதில் இரண்டும் ஒரே அளவாக வெட்டியிருந்தது. இதையும் நான் முன்பே பார்த்தேன், யோசிக்கவில்லை.

மீட்டர் ஏன் பிடிக்கவில்லை என்றால், உள்ளே இருப்பது நிஜமாகவே 1000 எம்எஃப்டிதான். பொய் வோல்ட்டில் இருந்தது. எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரில் இரண்டு தகட்டையும் பிரிப்பது பேப்பர் என்று பலர் நினைக்கிறார்கள். பேப்பர் திரவத்தைப் பிடித்து வைக்கத்தான். உண்மையில் தடுப்பது அலுமினியத் தாள் மேல் வளர்த்திருக்கும் ஆக்சைடு படலம். எத்தனை வோல்ட்டுக்கு வளர்த்தார்களோ அவ்வளவுதான் அது தாங்கும். அதற்கு நெருங்கவோ மீறவோ போனால் கசிவு கரண்ட் ஏறும், சூடாகும், உள்ளே வாயு சேரும், தலை உப்பும். என் மேஜையில் சப்ளை 24, அதனால் 25 வோல்ட் கெப்பாசிட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேர்வு எழுதிவிட்டது. படகில் இன்ஜின் ஓடும்போது டைனமோ பேட்டரியை 28, 28.5 வரை ஏற்றும். வீல் ஹவுஸ் சூடு வேறு. அங்கே எத்தனை நாள் தாங்கும்?

இதைப் பிடிக்க பத்து கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். இரண்டு 24 வோல்ட் சப்ளையை சீரியலில் போட்டு 48 ஆக்கி, அந்த ரெசிஸ்டர் வழியாகக் கெப்பாசிட்டருக்குக் கொடுத்து, கெப்பாசிட்டர் மேல் மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒழுங்கான 50 வோல்ட் சரக்கு ஓரிரு நிமிடத்தில் 47 தாண்டி ஏறிவிடும். இது 33-க்குப் பக்கத்தில் போய் நின்றது. பத்து நிமிடம் காத்திருந்தேன், அதற்கு மேல் ஏறவே இல்லை. வருஷக்கணக்கில் சும்மா கிடந்த நல்ல சரக்குகூட முதலில் மெதுவாகத்தான் ஏறும், படலம் மறுபடி வளர நேரம் எடுக்கும், ஆனால் ஏறும். நின்றே போனால் அதன் உண்மை வோல்ட் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். செய்கிறவர்கள் கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், காலை மாற்றிக் கொடுத்தால் வெடிக்கும். முடிந்ததும் ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள்.

விற்றவருக்கு உரித்த போட்டோ அனுப்பினேன். முதல் பதில்: "நீங்க கடல் பக்கம் சார், சால்ட் ஏர்ல எந்த கப்பாசிட்டரும் நிக்காது." சிரிப்பதா அழுவதா தெரியவில்லை, என் வசனத்தை என்னிடமே சொல்கிறார். உறைக்குள் உறை வைத்தது உப்புக் காற்றா என்று கேட்டேன். திருப்பி அனுப்ப ஏழு நாள்தான், நீங்கள் இரண்டு மாதம் கழித்து வருகிறீர்கள் என்றார். ஏப்ரலில் வாங்கி, மே மாதம் போட்டு, ஜூனில்தான் கடலுக்குப் போகும் எங்களுக்கு ஏழு நாள் கணக்கு எந்தக் காலத்திலும் உதவாது. பில் நம்பர் அனுப்புங்கள் என்றார் கடைசியாக. அதோடு பேச்சு முடிந்தது.

அதே ஆர்டரில் சார்ஜருக்கு என்று பத்து 100 எம்எஃப்டி 450 வோல்ட்டும் வாங்கியிருந்தேன். நல்லவேளை போடவில்லை. கீழக்கரையில் பேட்டரி கடை வைத்திருக்கும் காக்கா (அண்ணன்) ஒருவர் கையில் எடுத்ததும் "என்ன தம்பி, வெயிட்டே இல்ல, காலி டப்பாவா?" என்றார். அறுத்துப் பார்த்தால் பெரிய டப்பாவுக்குள் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர், காலை நீட்டி ஒட்டி வைத்திருக்கிறார்கள். மீட்டரில் 33 எம்எஃப்டி. வீட்டுக் கரண்ட் 230 வோல்ட் என்றாலும் டயோடு தாண்டி வந்தால் 325 டிசி ஆகிவிடும், 260-க்கு ஏறினால் 367. அந்த இடத்தில் பொய் வோல்ட் கெப்பாசிட்டர் உட்கார்ந்தால் உப்புவதோடு நிற்காது.

வாங்கும்போது நான் இனி பார்ப்பதைச் சொல்கிறேன். முதலில் அளவு: அந்தக் கம்பெனியின் டேட்டா ஷீட்டில் அந்த சீரிஸுக்கு என்ன தடிமன், என்ன உயரம் என்று இருக்கும், அதற்குச் சிறிதாக இருந்தால் தொடவே வேண்டாம். எடையைப் பழைய நல்ல சரக்கோடு ஒப்பிடுங்கள், நகை எடை போடும் குட்டித் தராசு போதும். 85, 105 என்பது வெறும் எண் இல்லை. பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு என்பது பொதுக் கணக்கு. 2000 மணி நேரம் என்று போட்ட 105 டிகிரி சரக்கு, பெட்டிக்குள் 65 டிகிரி இருந்தால் 32,000 மணி நேரம் வரும். அதே 2000 போட்ட 85 டிகிரி சரக்கு 8,000-தான்.

எஸ்எம்பிஎஸ் (வேகமாக ஆன்-ஆஃப் ஆகி ஓடும் பவர் சப்ளை), கன்வெர்ட்டருக்கு லோ இஎஸ்ஆர் வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சப்ளையில் இருக்கும் சாதா வகையைக் கொண்டுவந்து இங்கே போட்டால் எம்எஃப்டி சரியாகவே இருந்தாலும் உள்தடையில் சூடாகிச் சாகும். கொள்ளளவு மட்டும் காட்டும் மீட்டர் இதைச் சொல்லாது, இஎஸ்ஆர் காட்டும் டெஸ்டர் ஒன்று வாங்கி வையுங்கள். உறை இல்லாமல் அலுமினியம் தெரிய வரும் சாலிட் பாலிமர் வகையில் வற்றிப்போகத் திரவம் இல்லை, இஎஸ்ஆர் மிகக் குறைவு, ஆனால் கசிவு கூடுதல். பெரும்பாலும் குறைந்த வோல்ட்டிலேயே கிடைக்கும். டான்டலம் (இன்னொரு வகைக் கெப்பாசிட்டர்) மாற்றும் பையன்கள் கவனம்: அலுமினியத்தில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ், டான்டலத்தில் கோடு பாசிட்டிவ். என் கடைப் பையன் ஒருநாள் மாற்றிப் போட்டு, சிகரெட் நுனி மாதிரி சிவந்து எரிந்ததைப் பார்த்த பிறகு கேட்காமல் போடுவதில்லை. ஃபேன் கண்டென்சர் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, அது இந்த இனமே இல்லை, பிளாஸ்டிக் ஃபிலிம், எலக்ட்ரோலிடிக்கை அங்கே மாட்டவே கூடாது.

இப்போது மறுபடி மதுரைதான், பில்லோடு, 18 ரூபாய்க்கே. வந்ததும் நூற்றில் மூன்றை உரித்துவிடுகிறேன், இரண்டை ரெசிஸ்டரில் ஏற்றிப் பார்க்கிறேன். ஐந்து கெப்பாசிட்டர் வீண்தான், 90 ரூபாய். மேஜைச் சோதனையும் இனி 24-ல் இல்லை, 29-ல்.

அந்த லாட்டில் பதினாறு கன்வெர்ட்டருக்குப் போட்டிருந்தேன். நோட்டைப் பார்த்து ஒவ்வொருவராகப் போன் செய்து பதினான்கை மாற்றிவிட்டேன். இரண்டு இன்னும் வரவில்லை. ஒன்று ராமேஸ்வரம் படகு, போன் நம்பர் மாறிவிட்டது. இன்னொன்று தொண்டிப் பக்கம் என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். மே மாதம் மண்டபத்தில் என்னிடம் கன்வெர்ட்டர் சரி செய்தவர்கள், மூடியில் பச்சை பெயின்ட்டில் ஒரு புள்ளி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அடுத்த டோக்கனுக்கு முன் கொண்டு வாருங்கள், காசு வேண்டாம், உட்கார வைத்தே மாற்றித் தருகிறேன்.