எட்டடி டிவி யூனிட்: தண்டையார்பேட்டை வீட்டில் நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

வடசென்னையில் எங்கள் தண்டையார்பேட்டை வீட்டுக் கூடத்தில் 2018-இல் சொல்லிச் செய்த டிவி யூனிட் இன்றும் அதே சுவரில் தொங்குகிறது. அதில் முதலில் மாட்டிய 43 அங்குல டிவி போய், இப்போது 55 அங்குல டிவி இருக்கிறது. இதுவும் ஒருநாள் போய் இன்னொன்று வரும். டிவி வாங்கும்போது நாம் பார்க்கும் பார்வையும், அதைத் தாங்கும் மரவேலையைச் செய்யும்போது பார்க்க வேண்டிய பார்வையும் வேறுவேறு என்பதே இத்தனை காலப் பயன்பாட்டில் எனக்குப் பட்டது. மரவேலை இரண்டு மூன்று டிவிகளின் ஆயுளைத் தாண்டி நிற்கக்கூடியது. அப்படி நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது, வருகிறவர்கள் பார்த்துப் பாராட்டும் முகப்பு அல்ல. யாரும் பார்க்காத பின்பக்கமும் அடிப்பக்கமும்தான்.

இந்தச் சிக்கல் ஒரு காலத்தில் கிடையாது. சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் இங்கே பரவிய டயனோரா, சாலிடெர் நிறுவன டிவி பெட்டிகளில் பல, மரக்கூடும் இழுத்து மூடும் கதவுமாகவே வந்தன. டிவியே ஒரு மரச்சாமானாக இருந்தது. பிறகு கலர் டிவி வந்தபோது அதற்கென்று ஷோகேஸின் நடுவில் இரண்டடி ஆழத்தில் ஒரு சதுரக் குழி விட்டுச் செய்தோம். தட்டை டிவி வந்ததும் அந்தக் குழிகள் எதற்கும் உதவாமல் போயின. இன்றும் வடசென்னையின் பழைய வீடுகள் சிலவற்றில், அந்தக் குழியில் கொலுப் பொம்மைகளும் மிக்ஸி அட்டைப்பெட்டிகளும் இருக்க, டிவி வேறொரு சுவரில் மாட்டியிருப்பதைக் காணலாம். அன்றைய டிவியின் அளவுக்கு அச்சாக வெட்டியதால் வந்த வினை அது.

ஆகவே எங்கள் யூனிட்டில் டிவிக்கென்று சட்டமோ குழியோ வைக்கவில்லை. சுவரில் ஆறடி அகலத்துக்கு ஒரே சமமான பலகை, அதற்குக் கீழே எட்டடி நீளத்துக்கு, தரையைத் தொடாமல் தொங்கும் இழுப்பறைப் பெட்டிகள், இடப்பக்கம் குறுகலான ஓர் உயர அலமாரி, அவ்வளவுதான். 55 அங்குலம் என்பது மூலைவிட்ட அளவு. திரையின் அகலம் ஏறக்குறைய 48 அங்குலம், உயரம் 27 அங்குலம். 65 அங்குல டிவி என்றால் அகலம் 57 அங்குலத்தைத் தொடும். 75 அங்குலம் என்றால் 65-ஐத் தாண்டும். 72 அங்குலப் பலகையில் இவற்றில் எது வந்தாலும் அடங்கும். முகப்பில் டிவியைச் சுற்றிப் பெட்டி கட்டினால் படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அடுத்த டிவி வாங்கும் நாளில் அந்த அழகை உடைக்க வேண்டியிருக்கும்.

எங்கள் வீடு ரயில் பெட்டியைப் போல நீளமானது. கூடத்தின் அகலம் பத்தடிதான். சோபாவை எதிர்ச்சுவரோடு ஒட்டிப் போட்டால் கண்ணுக்கும் திரைக்கும் இடையே ஏழரை அடி கிடைக்கிறது. மூலைவிட்ட அளவைப் போல 1.2 முதல் 1.6 மடங்கு தொலைவில் அமர்ந்து பார்ப்பது வசதி என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதன்படி 55 அங்குலத்துக்கு ஐந்தரை அடியிலிருந்து ஏழேகால் அடி வரை, 65 அங்குலத்துக்கு ஆறரையிலிருந்து எட்டரை அடிக்குச் சற்று மேல் வரை. பத்தடிக் கூடத்துக்குப் பெரிய டிவி ஆகாது என்று பலர் நினைப்பது இந்தக் கணக்கில் நிற்பதில்லை. உயரத்தில்தான் வீட்டுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. சோபாவில் அமர்ந்தவரின் கண்மட்டம் தரையிலிருந்து சுமார் 40 அங்குலம். ஆனால் அம்மா பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்துதான் டிவி பார்ப்பார், அவருடைய கண்மட்டம் 30 அங்குலத்துக்கும் கீழே. திரையின் நடுப்பகுதி 38 அங்குலத்தில் வருமாறு வைத்து, சற்றுக் கீழ்நோக்கிச் சாய்க்கக்கூடிய தாங்கியைப் போட்டதில் இருவருக்கும் கழுத்து வலி இல்லை. ஓட்டல்களிலும் கிளினிக்குகளிலும் நின்றுகொண்டு பார்ப்பதற்காக ஆறடி உயரத்தில் மாட்டுவதைப் பார்த்து வீட்டிலும் அப்படியே மாட்டச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இனி அந்தப் பின்பக்கம். கடலிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கிற எங்கள் பகுதியில் மரவேலைக்கு எதிரிகள் மூன்று: சுவரில் ஏறும் ஓதம், உப்புக் காற்று, கரையான். பலகையை நேராகச் சுவரில் அறைந்தால் ஓதம் அப்படியே பிளைவுட்டுக்குள் இறங்கும். அதனால் சுவரில் முதலில் ஓரங்குல ரீப்பர் கட்டைகளை நெடுக்குவாட்டில் அடித்து, அவற்றின் மேல் 18 மி.மீ. பிளைவுட்டை ஏற்றச் சொன்னேன். கீழே நுழையும் காற்று மேலே வெளியேறும்படி இரண்டு முனைகளும் திறந்தே இருக்கின்றன. பிளைவுட்டின் பின்முகத்துக்கும் மெல்லிய மைக்கா (லேமினேட் தாள்) ஒட்டச் சொன்னபோது வேலை செய்த ஆசாரி சிரித்தார். “பின்னாடி யாரு சார் பாக்கப் போறா? வீண் செலவு” என்றார். அவர் சொன்னது தொழில் வழக்கப்படி சரிதான். ஆனால் ஒரு முகத்தில் மட்டும் மைக்கா ஒட்டிய பலகை ஈரத்தை மறுமுகத்தில் மட்டும் இழுத்து வளையும். குறிப்பாகக் கதவுப் பலகைகள் மழைக்காலம் வந்ததும் மூட மறுக்கும். இரண்டு முகமும் மூடிய எங்கள் கதவுகள் இன்றுவரை நேராக நிற்கின்றன.

பிளைவுட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளில் “வாட்டர்ப்ரூஃப்” என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு சரக்குகளை விற்கிறார்கள். ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரநிலையில் எம்.ஆர். என்பது ஈரப்பதத்தை ஓரளவு தாங்குவது. அதன் சோதனையே 60 டிகிரி வெந்நீரில் மூன்று மணி நேரம்தான். பி.டபிள்யூ.ஆர். என்பது கொதிநீரில் எட்டு மணி நேரம் தாங்க வேண்டியது. மரைன் பிளை என்று சொல்லப்படும் ஐ.எஸ். 710 சரக்கு, கொதிநீரில் 72 மணி நேரம் பிரியாமல் நிற்க வேண்டும். வேறுபாடு பெரும்பாலும் பசையில் இருக்கிறது: எம்.ஆர். வகையில் யூரியா பார்மால்டிஹைடு, மற்றவற்றில் பீனால் பார்மால்டிஹைடு. எட்டுக்கு நாலு ஷீட் 32 சதுர அடி. சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான் விலை சொல்வார்கள் என்பதால் வேறுபாடு சிறிதாகத் தெரிந்து, பில்லில் பெரிதாகும். நாங்கள் செய்த சமரசம் இது: சுவர்ப் பலகைக்கும் பெட்டிகளின் அடிப்பலகைக்கும் மரைன், மற்ற இடங்களுக்குப் பி.டபிள்யூ.ஆர். சிடன்ஹாம்ஸ் சாலைக் கடைகளில் வாங்குகிறவர்கள், ஷீட்டின் மேலேயே ஐ.எஸ். எண்ணும் முத்திரையும் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, விரலால் தட்டிக்கொண்டே போய் உள்ளே வெற்றிடச் சத்தம் கேட்கிறதா என்றும் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றுவது நல்லது.

இந்தச் செலவுக்கு 2023 டிசம்பரில் பதில் கிடைத்தது. மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் தேங்கிய நீர் கூடத்துக்குள்ளும் வந்து, ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக நின்றது. பெட்டிகள் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தொங்கியதால் நீர் நேரடியாகத் தொடவில்லை. ஆனால் நீர் வடிந்த பிறகும் பல நாள்கள் அறை முழுவதும் ஈரம் கோத்துக்கொண்டிருந்தது. அடிப்பலகை உப்பவில்லை. பக்கத்து வீட்டில் கடையில் வாங்கி வைத்திருந்த பார்ட்டிகிள் போர்டு யூனிட்டின் கால்பகுதி ஊறி உதிர்ந்துபோனதை அதே வாரத்தில் பார்த்தோம். தொங்கும் யூனிட் இன்று அலங்காரத்துக்காகவே விற்கப்படுகிறது. தாழ்வான தெருக்களில் தரைத்தள வீட்டுக்காரர்களுக்கு அதுவே காப்பு. பாரத்தைப் பொறுத்தவரை, பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் பூச்சு உதிரும் என்பதால் செங்கல் வரை போகிற நீளமான ஆங்கர் போல்ட்டுகள் தேவைப்பட்டன. பெட்டிகளுக்கு அடியில் எல் வடிவ ஆங்கிளும் உண்டு. ஹாலோ பிளாக் சுவர் உள்ள புதிய வீடுகளில் சாதாரண ஆங்கர் பிடிக்காது, அதற்கென உள்ள வேறு வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

டிவி மாற்றியபோது அந்த ஆறடிப் பலகையின் பயன் நன்றாகவே தெரிந்தது. டிவியின் பின்னால் உள்ள திருகுத் துளைகள் வெசா என்ற அளவுமுறைப்படி 200-க்கு 200, 300-க்கு 200, 400-க்கு 400 மி.மீ. என்று டிவிக்கு டிவி மாறும். பழைய தாங்கியைக் கழற்றிப் புதியதைப் பலகையில் வேண்டிய இடத்தில் திருகிக்கொண்டோம். சுவரைத் துளைக்கவில்லை, தூசி பறக்கவில்லை. பலகையே பல ஆங்கர்களில் சுவரைப் பிடித்திருப்பதால் டிவியின் எடை பரவி இறங்குகிறது. இழுத்துத் திருப்பும் கைத்தாங்கி போடுகிறவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்: டிவி வெளியே வர வர மேல் ஆங்கர்களில் இழுவிசை கூடும்.

வயர்களுக்காக இரண்டங்குல பிவிசி குழாய் ஒன்று டிவியின் பின்புறத்திலிருந்து கீழ்ப் பெட்டிக்கு இறங்குகிறது. எலக்ட்ரீஷியன் முக்கால் அங்குலக் குழாய் போதும் என்றார். வயருக்குப் போதும்; படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. வயரின் தலை அதில் வளைவு தாண்டி வராது. எச்.டி.எம்.ஐ. 2.0-இன் வேகம் நொடிக்கு 18 ஜிகாபிட், 2.1-இன் வேகம் 48 ஜிகாபிட். ஆக டிவி மாறும்போது வயரும் மாறத்தான் போகிறது. புது வயரை இழுக்க உள்ளே ஒரு நைலான் கயிறு எப்போதும் கிடக்கிறது. பிளக் பாயின்ட்டுகள் டிவிக்குப் பின்னால் இரண்டு, பெட்டிக்குள் ஆறு. இப்போது செட்டாப் பாக்ஸ், இணைய ரவுட்டர், சவுண்ட்பார், கேம் பெட்டி, எல்.இ.டி. விளக்குக்கு மின்சாரம் மாற்றித் தரும் டிரைவர் என்று ஐந்து நிரம்பிவிட்டன.

மூடிய பெட்டிக்குள் செட்டாப் பாக்ஸை வைப்பது இரண்டு தொல்லைகளைத் தரும். ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளி மைக்கா வழியே போகாது. அதனால் அந்த ஒரு கதவில் மட்டும் கறுப்புச் சாயக் கண்ணாடி போட்டோம், அதன் வழியே ரிமோட் தடையின்றி வேலை செய்கிறது. இரண்டாவது, சூடு. பெட்டியின் அடியிலும் மேல் பின்முனையிலும் வட்டத் துளைகள் இருப்பதால் சூடான காற்று தானாக ஏறி வெளியே போகிறது. ரவுட்டரை நான் மேலே திறந்த தட்டில்தான் வைத்திருக்கிறேன். சவுண்ட்பாரையும் தட்டின் முன் விளிம்பில் வைப்பதே நல்லது. ஒலி தலைக்கு மேலிருந்தும் வருவதுபோலக் கேட்கச் செய்யும் அட்மாஸ் வகையில் சிலவற்றில் ஒலி மேல்நோக்கி எழும், சவுண்ட்பாருக்கு மேல் பலகை இருந்தால் அதற்குக் கொடுத்த காசு வீண்.

குறைகள் இல்லாமல் இல்லை. கைப்பிடி இல்லாமல் அமுக்கினால் திறக்கும் பொறி வைத்த இரண்டு கதவுகளில் பொறி தளர்ந்துவிட்டது. வண்டி போகும் அதிர்வில்கூட ஒரு கதவு வாய் திறந்துகொள்ளும், அங்கே சாதாரண அலுமினியக் கைப்பிடியே போதும். டிவிக்குப் பின்னால் ஒட்டிய எல்.இ.டி. பட்டை வெக்கையில் பசை விட்டுத் தொங்கியது. அலுமினியச் சட்டத்துக்குள் செருகிய பிறகு நிற்கிறது. நடுவில் ஒரு பகுதியில் இப்போது எல்லோரும் விரும்பும் வரிவரியான ஃப்ளூட்டட் பேனல் ஒட்டினோம். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி ஒவ்வொரு வரியிலும் படிகிறது. துடைக்கிறவர் நானில்லை என்பதால் இதைப் பற்றி அதிகம் பேசும் உரிமை எனக்கில்லை. பளபளக்கும் அக்ரிலிக் முகப்பை மறுத்து மங்கலான மைக்கா எடுத்ததில் மட்டும் முழு நிறைவு: எதிர்ச் சன்னலின் வெளிச்சம் அதில் மின்னித் திரையோடு போட்டி போடுவதில்லை.

உப்புக் காற்று வென்றது இரும்பில்தான். கீல்கள் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு என்பதால் தப்பின. இழுப்பறைச் சானல்கள் துத்தநாக முலாம் பூசியவை. கீழ்வரிசையில் முலாம் போய்த் துரு தெரிகிறது, குண்டுகள் ஓடும் சத்தமும் கரகரப்பாகிவிட்டது. திருகுகளில் சில தலை தேய்ந்து கழற்ற வரவில்லை. போகிக்கு முன் வீடு ஒழிக்கும்போது காந்தத்தில் நிற்கும் பின்மூடியைக் கழற்றித் தூசி தட்டி, பிளக்குகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து, சானல்களுக்குக் கொஞ்சம் கிரீஸ் வைக்கிறோம். இந்த முறை கீழ்வரிசை நான்கு இழுப்பறைகளுக்கும் எஃகுச் சானலாகவே மாற்றச் சொல்லியிருக்கிறேன். பழையதும் புதியதும் ஒரே 45 மி.மீ. அகலம் என்பதால் பெட்டியை வெட்ட வேண்டியதில்லை; ஆசாரி அரை நாள் வேலை என்கிறார்.