விவாகரத்து ஆலோசனை: தனியார் சட்டத்தரணியா, சட்ட உதவி ஆணைக்குழுவா?

திருகோணமலையில் மணமுறிவை யோசிப்பவருக்கு இரண்டு வாசல்கள்: தனியார் சட்டத்தரணி, அல்லது 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு.

ஆணைக்குழுவில் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வழக்கை அவர்களே நடத்துவதென்றால் வருமானத்தைப் பார்ப்பார்கள். ஓரளவு நல்ல சம்பளக்காரருக்கு அது கைகொடுக்காது. தனியாரிடம் ஆளைத் தெரிவு செய்யலாம், ஆனால் பணம் கரையும். கட்டணம் மொத்தமாகவா, ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் தனித்தனியாகவா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள், பற்றுச்சீட்டும் வாங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எந்த வாசலில் நுழைந்தாலும் சட்டம் ஒன்றுதான். பொதுத் திருமணச் சட்டத்தில் இருவரின் சம்மதம் மட்டும் போதாது. துணை வேறொருவருடன் உறவு வைத்தல், வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லுதல் போன்ற காரணத்தை மாவட்ட நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். "கையெழுத்துப் போட்டால் முடிந்தது" என்பவரிடம் வழக்கைக் கொடுக்காதீர்கள். முஸ்லிம் தம்பதியருக்கு மட்டும் வேறு சட்டம், அவர்கள் போக வேண்டியது காதி நீதிமன்றம்.

காணி, வெளிநாட்டில் இருக்கும் துணை என்று சிக்கல் இருந்தால் தனியாரே மேல். பிள்ளைச் செலவுதான் அவசரமென்றால் ஆணைக்குழுவுக்கே போவேன்: 1999ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி, விவாகரத்துக்குக் காத்திராமலே நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம்.