விரல் ரேகை ‘மூளைத்திறன்’ அறிக்கை: காசு கட்டும் முன் படியுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், டியூஷன் நடக்கும் கடைவீட்டு மாடிகளில் இந்தச் சேவையும் கிடைக்கிறது. பிள்ளையின் பத்து விரலையும் ஸ்கேன் செய்து, பிறவித் திறமை இன்னதென்று வண்ண அறிக்கை தருகிறார்கள். கட்டணம் சில நூறு ரிங்கிட். செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு அது பல நாள் கூலி.

ரேகை எடுப்பதில் குறையில்லை. விரலுக்கு நடு, இடம், வலம் என மூன்று பதிவு, ஆக முப்பது. சுழி ரேகைக்கு இரு பக்கமும் கோடுகள் கூடும் முச்சந்தி உண்டு. ஓரம் பதியாவிட்டால் ஒன்று விடுபட்டு, சுழியை, ஒரே முச்சந்தி உள்ள வளைய ரேகையென்று எண்ணிவிடுவார்கள். வேர்த்த விரலும் அழுத்தி வைத்த விரலும் கோடுகளை ஒட்டவைத்துவிடும். துடைத்து, மெல்ல வைக்கச் சொல்லுங்கள். மையத்துக்கும் முச்சந்திக்கும் நடுவே எத்தனை கோடு என்பதுதான் கணக்கு. சாதாரண வில் ரேகைக்கு முச்சந்தியே இல்லை, அதனால் பூஜ்யம்.

அந்த எண் எப்படி ‘இசைத்திறன் இத்தனை விழுக்காடு’ ஆகிறது? அங்கேதான் அறிவியல் அறுந்துபோகிறது. கருவில் ரேகையும் மூளையும் ஒரே காலத்தில் வளர்கின்றன என்பார்கள், விற்பவர்கள். சிறுநீரகமும் அப்போதுதான் வளர்கிறது! ரேகையியலே பொய் என்று சொல்லவில்லை. ஆள்காட்டி விரலடி, சுண்டுவிரலடி, மணிக்கட்டருகு ஆகிய இடங்களில் உள்ள முச்சந்திகளை இணைத்தால் வரும் உள்ளங்கைக் கோணம், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் பெரிதாக இருப்பதை மருத்துவம் அறியும். அதைக்கொண்டு, கோணம் சிறுத்த பிள்ளை சீக்கிரம் கற்கும் என்பதற்கு ஆதாரமில்லை. 1892-இல் ரேகைகளை வகைப்படுத்திய பிரான்சிஸ் கால்டனே குணத்தோடு தொடர்பைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. இசை, மொழி, கணக்கு என அறிவு பல வகை என்ற கருத்தை 1983-இல் முன்வைத்த உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் அதை விரலில் அளக்கச் சொல்லவில்லை.

மறுபடி எடுத்தாலும் அதே முடிவு வரும் என்று விற்பவர்கள் சொல்வதும் சான்றாகாது. ரப்பர் பால் நிறுக்கும் தராசு 2 கிலோ கூட்டிக் காட்டினால், தினமும் அப்படியேதான் காட்டும்.

‘என் பிள்ளைக்கு அப்படியே பொருந்துதே’ என்கிறார்கள் பெற்றோர். 1948-இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 39 மாணவர்களுக்கு ஒரே குணவிவரத்தை, அவரவருக்கென்று எழுதியதுபோலக் கொடுத்தார். தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு அவர்கள் 5-க்குச் சராசரி 4.26 மதிப்பெண் கொடுத்தார்கள். ‘ஊக்கம் கிடைத்தால் பிரகாசிப்பார்’ என்பது யாருக்குத்தான் பொருந்தாது? பிள்ளைக்கு வரையவே வராவிட்டால் ‘மறைந்திருக்கும் திறமை’ என்று சொல்லிவிடலாம். எது நடந்தாலும் தவறாகாத கூற்றைச் சோதிக்க வழியில்லை. சோதிக்க முடியாததை அறிவியல் என்று விற்கக் கூடாது.

ஏற்கெனவே வாங்கியவர்கள் ஐந்து குடும்பமாகச் சேருங்கள். பெயரையும் வயதையும் மறைத்து, அறிக்கைகளைக் கலந்து, தன் பிள்ளையுடையதைத் தேடச் சொல்லுங்கள். ஆளுக்கொன்றாகக் கண்ணை மூடி எடுத்தாலே சராசரியாக ஒருவருக்குச் சரியாக அமையும். ஐவரும் சரியாக எடுத்தால்தான் பேச்சு.

வாங்காதவர்கள் இடைநிலைப்பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். தொழில் ஆர்வ வினாத்தாள், எது பிடிக்கும் என்று பிள்ளையிடமே கேட்கிறது. அடுத்த ஆண்டு பதில் மாறினால் முடிவும் மாறும்.