நடைக்கு வாங்கிய ஷூ: ஒரு நட்சத்திரம் நான்கான கதை

இந்த ஷூவுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, நாலு வார்த்தை சூடாக எழுதுவதாகத்தான் இருந்தேன்.

வாங்கி ஏழு வாரம் ஆகிறது. முழங்கால் வலிக்காரனான என்னைத் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கச் சொன்னார்கள், அதற்காகவே வாங்கியது. சாம்பல் நிறம், மேலே வலைத்துணி, அடியில் ஈ.வி.ஏ. என்கிற லேசான பிளாஸ்டிக் நுரை, முன்பாதத்தைவிடக் குதிகால் 10 மி.மீ. உயரம். ஒரு ஷூவின் எடை 280 கிராம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 291. (அந்தத் தராசில் ஷூவை வைத்ததற்கு வீட்டில் வாங்கிய திட்டுக்குத் தனி விமர்சனம் எழுதலாம்.) நுரை நன்றாகவே தாங்குகிறது. கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கிறது. கால் லேசாக வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்கியதால் அளவில் குறையில்லை.

குறை லேஸில்தான். உருண்டை லேஸ், வழவழவென்று நைலான். ஐந்து கிலோமீட்டருக்குள் மூன்று முறையாவது அவிழும். முழங்கால் வலிக்காக நடக்கிறவன் நடைபாதையில் மூன்று முறை குனிந்து நிமிர்ந்தால் நடந்த பலன் என்ன? இரட்டை முடிச்சு போட்டும் பார்த்தேன். அவிழவில்லைதான், வீட்டுக்கு வந்து நான் அவிழ்க்கப் போனபோதும் அவிழவில்லை. நகம் உடைந்ததுதான் மிச்சம்.

போன செவ்வாய்க்கிழமை, அலுவலகங்கள் விட்டுக் கூட்டம் தெருவில் கொட்டுகிற நேரம். சிக்னலில் எனக்குப் பின்னால் யாரோ ஒட்டி நின்றார்கள். கூட்டம்தானே என்று விட்டுவிட்டேன். அடுத்த தெருமுனையிலும் அதே ஆள். எழுபது தாண்டிய ஒரு அம்மா, கையில் நீளமான கறுப்புக் குடை. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் வேகத்தைக் கூட்டினால் அவரும் கூட்டினார். பர்ஸ் இருக்கிறதா என்று பேன்ட் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது சிக்னலில் குடையின் நுனி என் வலது ஷூவைத் தட்டியது.

"தம்பி, இது இன்னும் இருபது அடியில அவிழ்ந்துடும்."

"தெரியும்மா. லேஸ் சரியில்லை."

"லேஸ் என்ன பண்ணும்? முடிச்சு நெடுக்கப் படுத்திருக்கு பாரு. குறுக்கதானே படுக்கணும்?"

குனிந்து பார்த்தேன். உண்மைதான். பூப்போல விரிந்த இரண்டு வளையங்களில் ஒன்று கால்விரலையும் மற்றொன்று கணுக்காலையும் பார்த்தபடி நின்றன. இத்தனை வருஷத்தில் அதை ஒரு விஷயமாக நான் கவனித்ததே இல்லை.

"முதல்ல பின்னும்போது எதை மேல போடுற?"

சத்தியமாகத் தெரியவில்லை. கை பாட்டுக்குச் செய்யும் வேலை அது. அங்கேயே மண்டியிட்டு அவிழ்த்துக் கட்டிக் காட்டினேன். இடது லேஸ் மேலே போனது. "இனிமே வலதை மேல போடு. மிச்சத்தை எப்பவும் போலக் கட்டு" என்றார். நாற்பது வருஷமாகக் கட்டிய கை, பள்ளிக்கூடத்தின் முதல் நாள்போலத் தடுமாறியது. சிக்னல் இரண்டு முறை மாறிவிட்டது. ஜனங்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கட்டி முடித்து இழுத்ததும் வளையங்கள் தானாகவே குறுக்கே திரும்பிப் படுத்தன. "அந்தக் காலையும் மாத்து" என்றார். மாற்றி முடித்து நிமிர்ந்தால், அவர் வந்த வழியிலேயே திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். இதற்காகவா மூன்று சிக்னல் தாண்டி வந்தார்? கூப்பிட்டு நன்றி சொல்வதற்குள் குடை மட்டும்தான் தெரிந்தது.

அன்றைக்கு ஐந்து கிலோமீட்டரில் ஒரு தடவைகூட அவிழவில்லை. நேற்று வரை அப்படித்தான்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். முதல் பின்னலும் மேலே போடும் வளையமும் ஒரே பக்கமாகச் சுற்றினால் முடிச்சு முறுக்கிக்கொண்டு நெடுக்கே திரும்பும், சீக்கிரம் நழுவும். ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் குறுக்கே படுத்துப் பிடித்துக்கொள்ளும். நழுவுகிற முடிச்சுக்கு ஆங்கிலத்தில் 'கிரானி நாட்', அதாவது பாட்டி முடிச்சு என்று பெயராம். என் பாட்டி முடிச்சைத் திருத்தியவர் ஒரு பாட்டி!

2017இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் இதையே ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். டிரெட்மில்லில் ஓடுகிறவரின் காலை மெதுவாக ஓடும் வீடியோவாக எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஓடும்போது கால் தரையில் மோதும் அதிர்ச்சி புவியீர்ப்பைப் போல ஏழு மடங்கு. அது முடிச்சைத் தளர்த்துகிறது. காலை வீசும்போது தொங்குகிற நுனிகளும் வளையங்களும் சாட்டைபோல அடித்து, கண்ணுக்குத் தெரியாத கை இழுப்பதுபோல முடிச்சை இழுக்கின்றன. வெறுமனே தரையை மிதித்தாலோ, உட்கார்ந்து காலை ஆட்டினாலோ அவிழாது. இரண்டும் சேர வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காததுபோல இருந்துவிட்டு, தளர ஆரம்பித்தால் சில எட்டில் மொத்தமும் போய்விடும். சரியான முடிச்சும் என்றைக்காவது அவிழத்தான் செய்யும், ஆனால் தாக்குப்பிடிக்கும்.

ஆக, நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அந்த வழவழ நைலானுக்காகத்தான். தட்டையான பருத்தி லேஸ் கொடுத்திருந்தால் என்னைப் போன்ற ஆட்களின் முடிச்சும் இன்னும் கொஞ்ச தூரம் வந்திருக்கும். மேலே கணுக்காலுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு ஓட்டை இருக்கிறது. அதில் லேஸை வளையமாக விட்டுக் கோத்தால் குதிகால் நழுவாது. அது எதற்கு என்று பெட்டியில் ஒரு வரி போட்டிருக்கலாம். நுரை எத்தனை நாள் வரும் என்பதை இப்போதே சொல்ல முடியாது. இந்த மாதிரி ஷூவுக்குப் பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் என்பார்கள். நான் இன்னும் 250ஐத் தாண்டவில்லை.

வீட்டில் எல்லோருடைய ஷூவையும் கட்டச் சொல்லிப் பார்த்தேன். மனைவிக்குக் குறுக்கு, மகளுக்கும் குறுக்கு. எனக்கு லேஸ் கட்டச் சொல்லிக்கொடுத்தது அண்ணன். போன் செய்து, "ஷூவைப் போட்டு, கட்டி, ஒரு படம் எடுத்து அனுப்புண்ணே" என்றேன். எதற்கு என்று கேட்டார், அப்புறம் சொல்கிறேன் என்றேன். பத்து நிமிஷத்தில் படம் வந்தது. இரண்டு காலும் நெடுக்கு.